ஐப்பசியில் ஒரு சாந்தி: செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டு ஏற்பாடுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊரில், பல வருடம் பூட்டிக் கிடந்த ஒரு பூர்வீக வீட்டில், 2025 ஐப்பசிக் கடைசியில் ஓர் அறுபதாம் கல்யாணம் நடந்தது; இதைத்தான் சாந்தி என்கிறோம். ஏற்பாடுகளை ஒருங்கிணைக்கும் வேலை எனக்கு. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இல்லாமல், நடந்தது நடந்தபடி இங்கே பதிவாகிறது. பூர்வீக வீட்டில் விசேஷம் வைக்க நினைக்கிற மற்றவர்களுக்கு இதில் சில விவரங்கள் உதவலாம்.

பின்னணி

சென்னையில் இருக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம். குடும்பத் தலைவர் 1965-இல், விசுவாவசு ஆண்டு ஐப்பசியில் பிறந்தவர். தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. விசுவாவசு அதில் 39-ஆவது. ஒரு சுற்று முடிந்து 2025 ஏப்ரல் 14 அன்று அதே ஆண்டு மறுபடி பிறந்தது. பிறந்த ஆண்டு, மாதம், நட்சத்திரம் மூன்றும் கூடுகிற நாளில்தான் சாந்தி என்பதில் வீட்டார் உறுதியாக இருந்தார்கள். கல்யாணம் என்றால் நாலு முகூர்த்தம் பார்த்து, மண்டபம் கிடைக்கிற தேதியை வைத்துக்கொள்ளலாம். இதில் அந்த வசதி கிடையாது.

அந்த ஐப்பசியில் அவருடைய நட்சத்திரம் இரண்டு முறை வந்தது. முதலாவது மாதத் தொடக்கத்தில், அக்டோபர் 20 தீபாவளிக்கு முட்டிக்கொண்டு. இரண்டாவது மாதக் கடைசியில். பின்னதை எடுத்துக்கொள்வதே வழக்கம் என்று சோதிடர் சொன்னார். தீபாவளிக் கூட்டத்தில் ரயில் டிக்கெட் எடுக்க முடியாது என்று மகன் சொன்னார். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்தால் ஒரே தேதிக்கு வந்து சேர்ந்ததால் அதில் விவாதமே இல்லை.

இடத்தில்தான் விவாதம். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், மகள் பெங்களூரில். இருவருக்கும் திருக்கடையூர்தான் விருப்பம். அமிர்தகடேசுவரர் கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் வருடம் முழுக்க நடக்கின்றன. குருக்கள், மாலை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சொல்லிவைத்தால் தயாராக இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பத் தலைவரின் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, எண்பத்து நான்கு வயது. காரைக்குடியில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். அவரை அரை நாள் காரில் உட்காரவைத்துக் கொண்டுபோக முடியாது. தன் மகனுக்குத் திருப்பூட்டு (தாலி கட்டும் சடங்கு) நடந்த அதே வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) சாந்தியும் நடக்க வேண்டும் என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

சித்திரையில் இது முடிவானது. கையில் ஏழு மாதம்கூட முழுசாக இல்லை.

முதல் தடவை போனபோது கண்டவை

வைகாசியில் வீட்டைத் திறந்து பார்த்தோம். தெருவிலிருந்து பின்தெரு வரை ஓடுகிற வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அப்புறம் கொல்லை. தேக்குத் தூணும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே இருந்தன. தூசியையும் வௌவாலையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு ஆளை விட்டால் நாலு நாளில் போய்விடும்.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் பேசியது பூ அலங்காரத்தைப் பற்றி. அதற்கு ஒரு பெரிய தொகையும் ஒதுக்கினார்கள். தேக்குத் தூணைப் பூவால் மூடுவதற்கு எதற்குப் பணம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன், பாதி குறைந்தது.

கவலை தந்தது வேறு மூன்று.

முதலாவது, சாவி. வீட்டுக்கு நான்கு பங்கு. எங்கள் கையில் இருந்த சாவிகள் முகப்புக்கும் வளவுக்கும் வளவைச் சுற்றிய அறைகளில் பாதிக்கும்தான். இரண்டாம் கட்டின் ஒரு பக்கமும் மூன்றாம் கட்டு முழுவதும் ஒரு பங்காளியிடம் இருந்தன. பல வருடம் முன்பு கொல்லைப் பக்கத்துப் பழைய மரச்சாமான்களை விற்றது தொடர்பாக ஏற்பட்ட மனத்தாங்கலில் இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வது நின்றிருந்தது.

இரண்டாவது, தண்ணீர். செட்டிநாட்டு வீட்டில் ஓட்டுச் சரிவு நான்கும் உள்முற்றத்தைப் பார்த்தே இறங்கும். பெய்கிற மழை வளவு வாசலில், அதாவது வளவின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் போகும் சலதாரை வழியே தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குச் சேரும்படி அந்தக் காலத்தில் அமைத்தார்கள். இந்த வீட்டில் சலதாரையின் வாய் எங்கே என்று தேடவே நேரம் பிடித்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம். விசேஷம் அன்று மழை வரலாம் என்று சொல்வதைவிட, வரும் என்றே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதுதான் சரி.

மூன்றாவது, கழிவறை. கொல்லைக் கோடியில் பழசு இரண்டு. வளவிலிருந்து அங்கே போய்வர ஒரு வயதானவருக்குக் கால் மணி நேரம் ஆகும். மழையில் அதுவும் முடியாது.

இந்த மூன்றும் தீராமல் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை. நல்ல சமையல்காரர்களை முகூர்த்த நாளுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். அது நியாயமான பயம்தான். அதனால் ஒரு நடுவழி எடுத்தோம்: தேதியை மட்டும் வாய்ச்சொல்லாகப் பிடித்து வைப்பது, ஆடி முடிவதற்குள் உறுதி சொல்வது.

பங்காளியின் சம்மதம்

இதை முதலில் முடிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் குடும்பத் தலைவரின் அண்ணன் மனைவி. எல்லாருக்கும் அவர் ஆச்சி. இதே வீட்டில் ஏழெட்டு விசேஷங்களை நின்று நடத்தியவர். மகன் போனில் பேசிப் பார்க்கலாம் என்றபோது ஆச்சி தடுத்துவிட்டார்.

“போன்ல கேட்டா போன்லயே இல்லைன்னு சொல்லிருவாக. நேர்ல போங்க. முதல் நாள் சாவிப் பேச்சே எடுக்காதீக. சாந்திக்கு நீங்கதான் முன்னால நின்னு வாங்கன்னு சொல்லணும்னு மட்டும் கேளுங்க.”

கணவன் மனைவி இருவரும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு நேரில் போனார்கள். பங்காளி வயதில் மூத்தவர். முதல் நாள் காபி கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். இரண்டாம் முறை ஆச்சியும் கூடப் போனார். அப்போதுதான் உண்மையான தயக்கம் வெளியே வந்தது. பழைய மனத்தாங்கல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, நாளைக்குப் பங்கு பிரிக்கும்போது “நாங்கள்தான் செலவு செய்து வீட்டை நிமிர்த்தினோம்” என்று இவர்கள் உரிமை கேட்டால் என்ன செய்வது என்பது.

அதற்கு ஒரு கடிதம் எழுதினோம். இப்போது செய்யும் மராமத்து எல்லாம் விசேஷத்துக்காகச் சொந்தச் செலவில் செய்வது. இதனால் யாருடைய பங்கிலும் கூடுதல் குறைவு இல்லை. விசேஷம் முடிந்து ஒரு வாரத்துக்குள் சாவி திரும்ப வரும். அரைப் பக்கம்தான். நான்கு பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மலேசியாவில் இருப்பவர் கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்பினார். வக்கீலிடம் போகலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வக்கீல் என்றாலே ஆள் பின்வாங்கிவிடுவார் என்று ஆச்சி சொன்னதை ஏற்றுக்கொண்டோம். கடிதம் கோர்ட்டில் நிற்குமா என்பதைவிட, நான்கு பேரும் ஒரே தாளைப் படித்தார்கள் என்பதே அப்போது தேவையாக இருந்தது.

ஆனி கடைசியில் சாவி வந்தது, ஒரு நிபந்தனையோடு. மூன்றாம் கட்டில் சாப்பாடு பரிமாறலாம். அடுப்பு மூட்டக் கூடாது. சுவர்ப்பூச்சில் புகையும் எண்ணெயும் ஏறிவிடும் என்றார். நாங்கள் அங்கேதான் சமைக்கத் திட்டமிட்டிருந்தோம். ஆனாலும் அவர் சொன்னது சரி. சமையல் கொல்லைக்குப் போனது. மழையில் கொல்லையில் சமைப்பது எப்படி என்ற புதுக் கேள்வி வந்தது. ஆனாலும் அது ஆனியிலேயே வந்த கேள்வி; யோசிக்க நேரம் இருந்தது.

சலதாரை

ஆடியில் ஒரு கொத்தனாரும் உதவிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். வளவு வாசலின் வடகிழக்கு மூலையில் ஒரு கல்லைப் பெயர்த்தபோது தாரையின் வாய் தெரிந்தது. கம்பியை விட்டுக் குத்தக் குத்த, கறுப்பு வண்டல், மாவிலைக் காம்புகள், உடைந்த ஓட்டுச் சில்லு, மக்கிப்போன கயிறு என்று வந்துகொண்டே இருந்தது. முகப்புத் திண்ணைக்கு அடியில் ஓர் இடத்தில் கம்பி போகவே இல்லை. அங்கே தெருப்பக்கமிருந்து தோண்டித்தான் அடைப்பை எடுக்க வேண்டியிருந்தது.

சுத்தம் செய்துவிட்டோம் என்று கொத்தனார் சொன்னதோடு விட்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து, வளவு வாசலில் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தோம். முதலில் நன்றாக இறங்கியது. லாரி பாதி காலியானபோது தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. வெளியே போய்ப் பார்த்தால், தெருவில் புதிதாகப் போட்ட சிமென்ட் சாலை தாரை வாயைவிட ஒரு சாண் உயரம். வீட்டுத் தண்ணீர் வெளியே வந்து, போக வழியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. ஊராட்சியில் சொல்லி, சாலையோரக் கால்வாய்க்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்ட அனுமதி வாங்க புரட்டாசி ஆகிவிட்டது. லாரித் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த விஷயம் விசேஷத்தன்றுதான் தெரிந்திருக்கும்.

சாந்தியில் தண்ணீர் மழையில் மட்டும் வருவதில்லை. ஹோமம் முடிந்ததும் கலசத் தண்ணீரைத் தம்பதிக்கு அபிஷேகம் செய்வார்கள்; உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சல்லடை வழியே ஊற்றுவார்கள். குடம் குடமாக ஊற்றுகிற அந்தத் தண்ணீரும் இதே தாரையில்தான் போக வேண்டும்.

மழையும் புகையும்

இந்த ஏற்பாட்டில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். வளவு வாசலில் ஹோமம். மேலே திறந்த வானம். மழை வந்தால் ஹோமம் நனையும். அதனால் மூட வேண்டும். மூடினால் ஹோமப் புகை போக வழியில்லை. வளவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்து ஓட வேண்டியதுதான்.

முதலில் வந்த பந்தல்காரர் ஓட்டு விளிம்பில் கயிறு கட்டித் தார்ப்பாயை இழுத்துவிடலாம் என்றார். வேகமாக முடியும், செலவும் குறைவு. இரண்டாவதாக வந்தவர் மேலே ஏறிக்கூடப் பார்க்காமல் கீழே நின்றே சொன்னார்: “ஓட்டு மேல ஒருத்தன் கால வச்சாலே சில்லு போயிரும்ணே. அப்புறம் பாய் இருந்தும் ஒழுகும், இல்லாட்டியும் ஒழுகும்.” அவரையே வைத்துக்கொண்டோம்.

அவர் சொன்ன முறை இது. முற்றத்தின் நான்கு மூலையிலும் தரையிலிருந்தே இரும்புக் கம்பங்கள். அவை ஓட்டு விளிம்பைத் தாண்டி இன்னும் மூன்றடி உயரம் போகும். அதற்கு மேல் தகரக் கூரை, முற்றத்தைவிட இரண்டு பக்கமும் அகலமாக, ஒரே பக்கம் சரிவாக. கூரைக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள மூன்றடித் திறப்பில் புகை வெளியேறும். தகரத்தில் விழும் மழை ஓட்டின் மேல் வழிந்து, ஓட்டுச் சரிவில் இறங்கி, வழக்கம்போல் முற்ற ஓரத்துத் தாரையில் விழும். அதாவது தண்ணீர் முற்றத்துக்குள் வந்தே தீரும். நடுவில் விழாமல் ஓரமாக விழும். அதனால் ஹோம குண்டத்தை நடுவில் ஒரு சாண் உயர மேடையில் வைப்பது என்று குருக்களிடமும் பேசி முடித்தோம்.

தார்ப்பாயைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவு. மகன் தயங்கினார். அதற்காகத்தான் பூ அலங்காரத்தில் குறைந்த பணம் பயன்பட்டது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு ஒரு தனிக் கவலை. காய்ந்திருந்தால் கண்ணாடி, ஈரமானால் வழுக்கும். முற்றத்திலிருந்து பட்டாலைக்கு (முற்றத்தை ஒட்டிய உயரமான கூடம்) ஏறும் வழியெல்லாம் தேங்காய் நார் மிதியடி போட முடிவு செய்தோம். பார்க்க நன்றாக இருக்காது என்று மகள் சொன்னார். ஆமாம், நன்றாக இல்லைதான்.

இலைக் கணக்கு

அழைப்பு புள்ளிக் கணக்கில் போனது. ஒரு புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம். கோயில் வரிக்கு அந்தக் கணக்கு சரி. சமையலுக்கு உதவாது, ஒரு புள்ளியில் இரண்டு பேரும் வரலாம், ஏழு பேரும் வரலாம். சமையல்காரர் கேட்டதும் அதையேதான்: “எத்தனை பத்திரிகை வச்சீங்கன்னு வேண்டாம். எந்த வேளைக்கு எத்தனை இலைன்னு சொல்லுங்க.”

மகள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, முதல் நாள் இரவு, மறுநாள் காலை, மதியம், மாலைப் பலகாரம், இரவு, மூன்றாம் நாள் காலை என்று ஆறு வேளைக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதினார். மதியம் சுமார் 300 இலை. மற்ற வேளைகளில் அதில் பாதிக்கும் கீழே. எல்லா வேளைக்கும் 300 என்று சொல்லியிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து எடுத்து, ஆட்டி, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டிய பண்டம் அது. எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால்தான் ருசி. ஹோமத்துக்கு முன்னால் நூற்றுச் சொச்சம் பேர் ஒரே பந்தியில் உட்காரும்போது அதைப் பரிமாற முடியாது என்று சமையல்காரர் சொல்லிவிட்டார். காலைக்கு இட்லி, பொங்கல், கவுனி அரிசி. பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் மாலைக்கு, ஆட்கள் விட்டு விட்டு வருகிற நேரத்துக்கு என்று மாற்றினோம். இந்த மாற்றம் மிகவும் உதவியது.

ரயிலும் தீபாவளியும்

சென்னை உறவுகள் பெரும்பாலும் பல்லவன் எக்ஸ்பிரஸில் வருபவர்கள். மதியத்துக்கு மேல் எழும்பூரில் ஏறினால் இரவு காரைக்குடி. நான்கு மாதம் முன்பே டிக்கெட் போட்டுவிடலாம் என்று மகன் கணக்கு வைத்திருந்தார். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முன்பதிவு திறக்கும் காலையில் நான்கு பேர் நான்கு வீட்டிலிருந்து உட்கார்ந்து போடுவது என்று பிரித்துக்கொண்டார்கள். கிடைத்தது.

தங்குவதற்குக் காரைக்குடியில் விடுதி அறைகள், போய்வர வேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

தீபாவளிதான் பலர் கணக்கில் வைக்காத விஷயம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலும் ஒரு வாரம் பின்னாலும் பெயின்டர், எலக்ட்ரீஷியன், பந்தல் ஆள் யாரும் கிடைக்கமாட்டார்கள். தேதிப்படி பார்த்தால் விசேஷத்துக்கு முன் ஒரு மாதம் இருப்பது போலத் தெரியும். வேலைநாளாகப் பார்த்தால் பாதிதான். அதனால் வெள்ளையடிப்பு, வயரிங் சரிபார்ப்பு எல்லாம் புரட்டாசிக்குள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கும் அப்போதே எழுதிக் கொடுத்தோம். ஜெனரேட்டர் தனியாக வாடகைக்கு.

கழிவறைக்கு நடமாடும் கழிவறை இரண்டை வாடகைக்கு எடுத்து, இரண்டாம் கட்டின் பக்கவாசலை ஒட்டிய சந்தில் நிறுத்தினோம். புதிதாகக் கட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. பொது வீட்டில் நிரந்தரமாக ஒன்றைக் கட்டினால் அந்த அரைப்பக்கக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகும் என்று விட்டுவிட்டோம்.

கடைசி இரண்டு நாள்

வாட்ஸாப் குழு ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தக் கனத்த சுவருக்குள் போனில் சிக்னல் இல்லை என்பது ஒத்திகை பார்க்கும்போதுதான் உறைத்தது. இரண்டாம் கட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தாளை ஒட்டினோம். எந்த வேலை, யார், எந்தச் சாவி, மாற்று ஆள் யார். அவ்வளவுதான் அதில். விசேஷம் முடியும்வரை எல்லாரும் பார்த்தது அந்தத் தாளைத்தான்.

முதல் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. இரவு முழுக்க விடவில்லை. பல்லவனில் வந்தவர்கள் வேனில் ஊர் வந்து சேரும்போது பத்து மணிக்கு மேல். பாதிப்பேர் ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டார்கள். அவர்களுக்காகச் சமைத்த இரவுச் சாப்பாடு நிறைய மிஞ்சியது. நேரத்தோடு கேட்ட இலைக் கணக்கு தவறியது இந்த ஒரு வேளையில்தான்.

சாந்தி நாள்

விடியற்காலை கணபதி ஹோமம் தொடங்கும்போதும் தூறல். தகரக் கூரை தாங்கியது. மழைச் சத்தம் தகரத்தில் பட்டு மந்திரம் காதில் விழாத அளவுக்கு இரைச்சலாக இருந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குருக்களுக்குச் சிறிய மைக் ஒன்று வைத்து ஒப்பேற்றினோம். புகை மெதுவாகத்தான் போனது. ஆனாலும் போனது. கண் எரிகிறது என்று எழுந்து போனவர்கள் உண்டு; பட்டாலையின் தெற்குப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அவர்கள். காற்று வாக்கு அப்படி.

அபிஷேகத்தின்போது மழையும் வலுத்தது. ஓட்டிலிருந்து நான்கு பக்கமும் கொட்டிய தண்ணீரும் கலசத் தண்ணீரும் சேர்ந்து முற்றத்தில் கணுக்கால் உயரம் வந்து, அப்படியே வடகிழக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு இறங்கியது. ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பூட்டு நேரத்துக்கு நடந்தது. ஆத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் உட்காரவைத்தார்கள்.

முகப்பில் வருகிறவர்களை “வாங்க, வாங்க” என்று வரவேற்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவர் அந்தப் பங்காளி. மதியம் வரை அவர் உட்காரவே இல்லை.

கோளாறுகளும் இருந்தன. வளவில் மிதியடி போட்ட நாங்கள் முகப்புப் படியில் போடவில்லை. குடையை மடக்கிக்கொண்டே ஏறிய ஒரு பெரியவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. ஆனால் அவரைக் காரைக்குடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வர ஒரு வேனும் ஓட்டுநரும் இரண்டு மணி நேரம் போனார்கள். அதனால் காலை விடுதியிலிருந்து வர வேண்டிய இரண்டாவது நடை தாமதமாகி, சிலருக்கு ஹோமம் பாதியில்தான் பார்க்கக் கிடைத்தது.

கொல்லைச் சமையல் கொட்டகையிலிருந்து மூன்றாம் கட்டுக்கு ஐந்தாறு எட்டு தூரம் திறந்தவெளி. அதற்கு மேல் கூரை போட மறந்திருந்தோம். பரிமாறுகிற பையன்கள் வாளிக்கு மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி ஓடிக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பந்தி அதனால் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது.

பின்விளைவு

சொன்னபடி ஒரு வாரத்துக்குள் சாவிகள் திரும்பிப் போயின. இரண்டு குடும்பத்துக்கும் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்; மரச்சாமான் விஷயத்தை யாரும் பேசவே இல்லை. ஆனால் பொங்கலுக்கு அந்தப் பங்காளி வீட்டிலிருந்து போன் வந்தது. தன் பேத்தி கல்யாணத்தை இங்கேயே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான்கு பங்குக்காரர்களும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, வருடா வருடம் ஆடியில் சலதாரையைச் சுத்தம் செய்வது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மழையை நாங்கள் வளவுக்குள் மட்டுமே யோசித்தோம். அது முகப்புப் படியிலும், கொல்லை வழியிலும், வேன் நிற்கும் தெருவிலும் பெய்யும். அடுத்த ஏற்பாட்டில், ஒரு விருந்தாளி வேனிலிருந்து இறங்கி இலையில் உட்காரும்வரை நடக்கும் பாதையை ஒருவர் குடையோடு நடந்து பார்த்து, நனையும் இடத்தையெல்லாம் குறிக்க வேண்டும். பரிமாறுகிறவருடைய பாதையையும் அப்படியே.

ஒரு வேன் எந்த வேலையும் இல்லாமல் சும்மா நிற்க வேண்டும். வாடகை வீண் என்று தோன்றும். தோன்றட்டும்.

இரவு தாமதமாக வருகிறவர்களுக்குச் சமைத்த சாப்பாடு வேண்டாம். பாலும் பழமும் கொஞ்சம் இட்லியும் போதும். இலைக் கணக்குக் கேட்கும்போதே எந்த ரயில் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

தகரக் கூரைக்கு அடியில் துணியோ கீற்றோ ஒரு அடுக்குக் கொடுத்தால் இரைச்சல் குறையும் என்று பந்தல்காரர் சொல்கிறார். கீற்று என்றால் ஹோமத் தீக்கு மேலே பயம், துணியும் அப்படித்தான். பேத்தி கல்யாணம் வைகாசியில் என்பதால் அதற்கு இப்போதைக்கு அவசரம் இல்லை. மூன்றாம் கட்டில் தென்மேற்கு மூலை ஓடு அன்றைய மழையில் ஒழுகியதை எல்லாரும் பார்த்தோம். அதை யார் செலவில் மாற்றுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.